புண்ணியமா, பூட்டிய விலங்கா?

சாலை போட, தண்டவாளம் பதிக்க, பட்டாளத்தின் மூட்டை சுமக்க ஆள் பிடித்தனர் பர்மாவின் இராணுவ ஆட்சியாளர். கூலி? இல்லை. மறுத்தால்? அடி, சிறை! கேட்டால், அது புண்ணியம் தேடும் மரபாம்! மனமுவந்து தருவதன்றோ தானம்? துப்பாக்கி முனையில் பறிப்பதுமா தானம்?

உள்நாட்டுச் செய்தியில் அயலார்க்கென்ன வேலை என்பர். கட்டாய உழைப்பை ஒழிப்போமென 1955இல் உலகின்முன் ஒப்பமிட்டது அந்நாடே! ஆள் பிடிக்கத் துணைநின்ற கிராமச் சட்டமோ வெள்ளையன் விட்டுச்சென்றது. அயலான் சாட்டை இனிக்கும், அயலான் அறிவுரை மட்டும் கசக்குமோ?

2000இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, தன் வரலாற்றில் முதன்முறையாக 33ஆம் விதியை ஏவி, இக்கொடுமைக்குத் துணைபோகாதீர் என நாடுகளை அழைத்தது. பிடி மெல்லத் தளர்ந்தது. 2021இல் பட்டாளம் மீண்டும் ஆட்சியைப் பறித்தது. 2025இல் அவ்விதியும் மீண்டும் எழுந்தது.

அண்டை வீட்டில் அலறல் கேட்டால், சுவர் யாருடையது என்றா கேட்பது?