மறைத்தலும் நேர்மையும்

மறைத்துச் செய்யப்படுவதெல்லாம் பொய் என்று சொல்லும் கட்சி ஒன்று நம்மிடையே உண்டு. பாரீஸில் 1977-ல் திறக்கப்பட்ட போம்பிடு மையத்தில் ரென்ஸோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் குழாய்களைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவந்து, காற்றுக்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள் என்று வர்ணமும் அடித்தார்கள். அதையே நேர்மையின் இலக்கணமாகக் கொண்டு நானும் வெகுநாள் இந்தக் கட்சியில் இருந்தேன். என்னை அதிலிருந்து நகர்த்தியது ஒரு மோட்டார் சைக்கிள்.

தம்பி தன் புல்லட்டுக்குப் புது ஹாண்டில் பார் வாங்கினான். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் ஸ்விட்சுகளின் ஒயர்கள் வெளியே டேப் சுற்றிக் கிடக்காமல் குழாய்க்குள்ளேயே ஓட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வெறும் மினுக்கு என்றேன். "பார்க்கச் சுத்தமா இருக்கும் சார். வேலை மோசமா இருந்தாலும் வெளியில தெரியாது. அதான் பயம்" என்றார் மெக்கானிக். வங்கி விடுமுறையான ஒரு சனிக்கிழமை, பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

22 மி.மீ. விட்டமுள்ள குழாய். ஸ்விட்ச் உட்காரும் இடத்தில், அதன் கூடு மூடிக்கொள்ளும்படி ஒரு துளை. ஒயர் கீழே இறங்க நடுவில், அடிப்பக்கம் இன்னொன்று. துளை பெரிதானால் குழாய் பலம் இழக்கும். சிறிதானால் ஒயர் நெரிபடும். மூலை கூராக இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். துளை போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு அப்போதுதான் தொடங்கியது. உருட்டு அரத்தால் துளையின் உள்விளிம்பை ராவினார். விரலால் தடவிப் பார்த்து மறுபடியும் ராவினார். என்ஜின் அதிர்வில் ஒயர் அந்த விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். பிசிறு இருந்தால் ஒருநாள் உறை கிழிந்து, செம்பு இரும்பைத் தொடும். ராத்திரியில், லாரிகளுக்கு நடுவே, விளக்கு அணையும். விளிம்புக்கு ரப்பர் வளையம் போட்டார். கனெக்டர் குழாய்க்குள் நுழையாது என்பதால் அதன் பின்களைக் கழற்றி, ஒயர் நிறங்களின் வரிசையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். ஒயர்களை நூலில் கட்டி, பவுடர் தூவி, வளைவுகளில் மெதுவாக இழுத்தார். ஹாண்டிலை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பார்த்து, இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டார்.

எல்லாம் முடிந்தபின் வெறும் நைலான் நூல் ஒன்றையும் உள்ளே விட்டு வைத்தார். எதற்கு என்றேன்.

"நாளைக்கு எவனாவது ஒரு ஒயர் மாத்தணும்னா, இழுக்க வேணாமா சார்?"

மறைவு ஒரு சலுகை என்று எண்ணியிருந்தேன். அது கடன் என்று அன்று பட்டது. யாரும் பார்க்க முடியாத இடத்தில் விளிம்பை ராவுவது வண்டியை ஓட்டுபவனுக்குத் தர வேண்டிய கடன். நூல், நாளை பிரிக்கப்போகும் முகமறியாதவனுக்கு. இவ்விரண்டும் தீர்க்கப்பட்டால் மறைப்பதில் பொய் இல்லை. வெளியே ஓடும் ஒயரிலும் டேப்புக்குள் ஒரு கெட்ட இணைப்பு இருக்கலாம். திறந்து காட்டுவது நேர்மைக்கு ஜாமீன் ஆகாது. பாஸ்புக்கில் ஒரு வரி அச்சாகிறது. அதன் பின்னால் நான் செய்ததை வாடிக்கையாளர் பார்க்க முடியாது என்பதாலேயே என் பொறுப்பு கூடுகிறது.

கவிதையில் இருண்மை பற்றி நாம் போட்ட சண்டைகளை இப்போது சங்கடத்தோடு நினைத்துப் பார்க்கிறேன். புரியவில்லை என்று நான் நிராகரித்த கவிதைகளில் அந்த நூலைத் தேடினேனா? புரியாததற்காகவே தூக்கிப்பிடித்த சிலவற்றின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேனா? இரண்டுக்கும் இல்லை என்பதே என் பதில். இருண்ட கவிதை, தெளிந்த கவிதை என்ற பிரிவினை எனக்கு இனி உதவாது. உள்ளே நுழைகிறவனுக்குக் கவிஞன் எதையாவது விட்டு வைத்திருக்கிறானா என்றுதான் கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு, விமர்சகன் முதலில் பிரித்துப் பார்க்கும் சிரமத்தை ஏற்க வேண்டும்.

தம்பி வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கிறான். உள்ளே நூல் இருப்பது அவனுக்குத் தெரியாது.