யார் வீட்டில் சாப்பிட்டார்கள்

களியக்காவிளையைத் தாண்டி நெய்யாற்றின்கரைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு எல்.எம்.எஸ். என்ற எழுத்துகள் தப்பாது. அமரவிளையில் ஒரு பள்ளிக்கூடம், செம்பூரில் ஒரு பள்ளிக்கூடம். திருவனந்தபுரம் போனால் ஒரு சந்திப்புக்கே அந்தப் பெயர். லண்டன் மிஷனரி சொசைட்டி என்ற விரிவைச் சொல்வாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பாறசாலையில் இன்றும் தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். அதனால் அந்த மிஷன் வரலாற்றில் பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது என்று கோடு கிழிக்க முடியாது.

அந்தச் சங்கம் அனுப்பியவர்களில் பலர் இருபதுகளில் இருந்த பையன்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது எதையெல்லாம் விட்டு வந்தார்கள் என்றுதான் பட்டியல் போடுகிறோம். ஊரை விட்டார்கள், உறவை விட்டார்கள், உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். அது உண்மைதான். ஆனால், விட்டுக்கொடுப்பதில் கொடுப்பவனின் கை மேலேயே இருக்கிறது. நான் கேட்க விரும்புவது வேறு: வந்த இடத்தில் யாரிடம் கை நீட்டி வாங்கினார்கள், யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?

முதலில் வந்தவர் ஜெர்மானியர், ரிங்கல்தௌபே. 1804 கடைசியில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்தார். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பில் 1806இல் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். மிஷன் வரலாற்றைத் துரைமாரிலிருந்து தொடங்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இங்கே தொடங்கிவைத்தவர் சாம்பவர் குலத்தில் பிறந்த ஓர் உள்ளூர்க்காரர். சம்பளப் பணம் வந்த கையோடு ரிங்கல்தௌபே அதை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம். 1816இல் ஊரைவிட்டுப் போகும் வழியில் சென்னையில் அவரைப் பார்த்தவர்கள், மேல்கோட்டுகூட இல்லாமல் நாட்டு வைக்கோல் தொப்பியோடு நின்றதை எழுதி வைத்தார்கள். கப்பலேறிக் கிழக்கே போனவர் எங்கே இறந்தார் என்பது இன்றுவரை தெரியாது.

துறவு என்று இதை எளிதில் புகழ்ந்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். தன்னிடம் வருகிறவர்களில் பலர் தலைவரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பிக்கத்தான் வருகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார், மூடி மறைக்காமல் எழுதவும் செய்தார். ஊழியம் என்றால் அங்கே கூலியில்லாத அரசாங்க வேலை. போகும்போது சபையை வேதமாணிக்கத்தின் கையில் விட்டுப் போனார். அடுத்த வெள்ளைக்காரர் வரும்வரை நடத்தியது அவர்தான்.

அடுத்து வந்தவர் சார்லஸ் மீட். இங்கிலாந்திலிருந்து கிளம்பும்போது வயது இருபத்துநான்கைத் தாண்டவில்லை. வந்து சேர்வதற்குள் மனைவியைப் பினாங்கில் அடக்கம் செய்துவிட்டு 1818இல் நாகர்கோவிலுக்கு வந்தார். வந்த ஆண்டே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்றோவின் பரிந்துரையில் திருவிதாங்கூர் ராணி அவரை நீதிபதியாக்கினார். பாதிரியாரே நீதிபதி! அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வரியும் ஊழியமும் மேலாடைத் தடையும் முதுகில் ஏறி நின்ற மக்கள், நிழல் தெரிந்த இடத்தில் ஒதுங்கினார்கள். கேள்வி மீட்டுக்குத்தான்: நாற்காலியைப் பார்த்து வந்தவர் யார், சொல்லைக் கேட்டு வந்தவர் யார் என்று அவரால் எப்படிப் பிரித்தறிய முடியும்? லண்டனிலிருந்த சங்கத்துக்கும் இது பிடிக்கவில்லை. சில காலத்தில் பதவியை விட்டார்.

பாறசாலை மிஷன் நிலையத்தில் ஜான் ஆப்ஸ் இருந்தார். தன் இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தைப் பின்னால் புத்தகமாக எழுதினார். 1859இல் சாமுவேல் மேட்டீர் வந்தார், அவரும் இருபதுகளில் இருந்த இளைஞர். தோள்சீலைக் கலவரம் தணியாத நேரம் அது. அந்த ஆண்டு ஜூலை 26ஆம் தேதிதான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அத்தகைய நாளில் ஒரு மிஷனரியின் அன்றாடம் பிரசங்கத்தால் ஆனதல்ல. இரண்டு மொழியையும் படிக்க வேண்டும். விடுதிப் பள்ளிக்கு அரிசிக் கணக்குப் பார்க்க வேண்டும். உபதேசியார்களின் சம்பளம், சபைகளுக்குள் சண்டை, காய்ச்சலுக்கு மருந்து, தாசில்தாருக்கு மனு. மாலையில் பங்களாத் திண்ணையில் நின்றபடி கேட்கும் குறைகள் தீரவே தீராது. மேட்டீர் 1883இல் எழுதிய திருவிதாங்கூர் வாழ்க்கை பற்றிய நூலை இன்றும் சாதி வரலாறு எழுதுகிறவர்கள் தேடிப் படிக்கிறார்கள். புலையர், காணிக்காரர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அதில் நுணுக்கமாக இருக்கிறது. கூடவே, உயரத்தில் நின்று பார்க்கும் கண்ணும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக்கு சாமர்வெல் பெயர். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். பனிச்சரிவில் ஏழு பேர் செத்தார்கள், ஏழு பேரும் சுமை தூக்கிய மலைவாசிகள். வெள்ளையரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது அவரை வாட்டியது. அதைப் பின்னால் எழுதினார். அந்தப் பயணம் முடிந்து தெற்கே வந்தவர் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் கிடைக்கவிருந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே அறுவை மருத்துவராகத் தங்கினார். மலையில் பட்ட கடன் நெய்யூரில் தீர்ந்தது என்று எழுதினால் வாசிக்க அழகாக இருக்கும். அப்படித் தீரும் கடனா அது?

இன்று நிலைமை திரும்பியிருக்கிறது. தமிழ்ச் சபைகளிலிருந்து இளைஞர்கள் வடக்கே போகிறார்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, ஆனால் எங்களுக்கு வேண்டியது நட்பு என்பது அதன் சாரம். ஆண்டுக்கணக்காக ஒன்றாக உழைத்தும் இந்திய ஊழியரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்காத துரைகளை மனத்தில் வைத்துச் சொன்னது அது. மண்டபத்தில் பலருக்குக் கசந்தது.

அதே கேள்வி இன்று பீகாருக்கோ ஒடிசாவுக்கோ போகும் நம் பையனுக்கும் உண்டு. மாதா மாதம் ஊருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் எண்ணிக்கையும் படமும் இருந்தால்தான் காணிக்கை வரும். அந்த அறிக்கையில் தான் வாழும் ஊர் மக்கள் ஏழைகளாகவும் இருளில் கிடப்பவர்களாகவும் மட்டும் வருகிறார்களா, அல்லது தனக்கு மொழி சொல்லிக்கொடுத்த கிழவியும், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரும் வருகிறார்களா? கஞ்சி வைத்துக் கொடுத்தவர் கடைசிவரை மதம் மாறாமலே இருக்கலாம். அப்போதும் அவர் பெயர் அறிக்கையில் இருக்குமா?

மீட்டுக்குத் திரும்பினால், அவர் கதை நீதிபதி நாற்காலியோடு முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகு, 1850களின் தொடக்கத்தில் தாழ்த்தப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தியைத் திருமணம் செய்துகொண்டார். சமத்துவத்தைப் பிரசங்கித்த சக மிஷனரிகளால் அதைத் தாங்க முடியவில்லை. சங்கத்திலிருந்து விலகினார். ஆனால் கப்பலேறவில்லை. திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளை மேற்பார்வையிடும் வேலையில் சேர்ந்து, 1873இல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். அவர் செய்ததிலெல்லாம் கடினமானது இதுதான் என்று நினைக்கிறேன். மற்ற எல்லாவற்றையும் அவர் துரையாக இருந்துகொண்டே செய்ய முடிந்தது.

லண்டன் மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையில் (எஸ்.ஐ.யு.சி.) சேர்ந்தன, 1947இல் அது சி.எஸ்.ஐ.க்குள் கலந்தது. பழைய சபை இல்லாமல் போய் எழுபது ஆண்டுக்கு மேலாகிறது. பெயர் மட்டும் கேரள அரசின் இடஒதுக்கீட்டுப் பட்டியலில் உயிரோடு இருக்கிறது: எஸ்.ஐ.யு.சி. நாடார். சபையின் பெயரும் சாதியின் பெயரும் ஒட்டி நிற்கும் அந்தச் சான்றிதழுக்காக நெய்யாற்றின்கரைப் பிள்ளைகள் இன்றும் விண்ணப்பிக்கிறார்கள். உரிமை அது, வாங்கத்தான் வேண்டும்.