நடுவயதுக் கோபம் ஈமானின் குறைவா?

ஐவேளைத் தொழுகையைப் பேணி வரும் ஒரு தாய் நம்மிடம் கேட்டனுப்பிய கேள்வி இது. வயது 48. மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது. இரவில் உடல் கொதித்து வியர்க்கிறது, உறக்கமில்லை. அற்பக் காரியத்துக்கு மருமகள் மீது எரிந்து விழுகிறார். பிறகு முஸல்லாவில் அமர்ந்து அழுகிறார். "ஸப்ரு இல்லாதவர் தொழுது என்ன பயன்?" என்று மகன் கேட்டுவிட்டாராம்.

மகன் கேட்டது தவறு. பயபக்தியுடையோரைப் புகழும் திருவசனம் (3:134) அவர்களைக் கோபமே வராதவர்கள் என்று கூறவில்லை. கோபத்தை விழுங்குகிறவர்கள் என்றே கூறுகிறது. வராத ஒன்றை விழுங்குவது எப்படி? கோபம் அடியோடு அற்றுப் போவதும் ஒரு குறையே என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் விளக்குகிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையே மாதவிடாய் நிற்கிறது. அந்தக் காலத்து வெப்பமும் எரிச்சலும் ஹார்மோன் மாற்றத்தின் விளைவு என்பது மருத்துவர்கள் அறிந்தது. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று புலம்பினார்கள். அதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை. காலடியில் நீரோடையும், மரத்தை உலுக்கினால் உதிரும் பேரீச்சம் பழமும் காட்டப்பட்டன.

ஆனால் உள்ளே எரிச்சல் எழுவது வேறு. நாவால் பிறரைச் சுடுவது வேறு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியில் பதிவான நிகழ்ச்சி ஒன்று உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனைவியாரின் இல்லத்தில் இருந்தபோது, மற்றொரு மனைவியார் தட்டில் உணவு அனுப்பினார். இல்லத்துக்குரியவர் பணியாளரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைந்தது. நாயகம் (ஸல்) அவர்களே துண்டுகளைச் சேர்த்தார்கள். சிந்திய உணவையும் திரட்டினார்கள். உங்கள் அன்னைக்கு ரோஷம் வந்துவிட்டது என்று அங்கிருந்தோரிடம் கூறினார்கள். கடுஞ்சொல் இல்லை. எனினும் அந்த வீட்டின் நல்ல தட்டு உரியவருக்குப் போயிற்று. உடைந்தது உடைத்தவரிடமே தங்கியது.

ஆகவே அந்தத் தாய் முஸல்லாவில் அழுவதோடு நிறுத்தாமல், மருமகளிடமும் மன்னிப்புக் கேட்கட்டும். அது அடியாருக்குரிய ஹக்கு. மாமியார் மருமகளிடம் கேட்பதா என்று நம் ஊரில் மூக்கின் மேல் விரல் வைப்பார்கள், வைக்கட்டும். கோபம் எழும்போது நிற்பவர் உட்காரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் ஹதீஸில் வழி சொல்லப்பட்டிருக்கிறது. அடுப்படியை விட்டு அவர் சற்று நகர்ந்தால் மருமகள் அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். மகன் இந்த வாரமே தாயை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். இரவில் காற்றோட்டமுள்ள அறையை அவருக்கு விட்டுக் கொடுக்கட்டும்.