கட்டுண்ட நண்டும் ஐந்து அதிசாரங்களும்



அருகப்பெருமானின் திருவடிகளை மனம், மொழி, மெய் மூன்றாலும் வணங்கி, அன்பர் ஒருவர் விடுத்துள்ள ஐயத்தை இவ்விதழில் எடுத்துக்கொண்டு சிந்திக்கின்றோம்.

சென்னைப் புறநகரில் மாடிவீட்டில் வாழும் சிராவகர் அவர். கீழ்வீட்டில் குடியிருப்பவர் நல்லவர். ஆபத்துக்கு ஓடிவரும் குணமுடையவர். சனிக்கிழமை மாலையில் அவர் சந்தையிலிருந்து உயிருள்ள நண்டுகளை வாங்கி வருவார். மறுநாள் சமைப்பதற்காக இரவு முழுவதும் அவற்றைப் பிளாஸ்டிக் வாளியில் இட்டுக் குழாய்நீர் நிரப்பி வைப்பார். நீரில் வாழும் உயிருக்கு நீர் ஊற்றுவது இரக்கம் என்பது அவர் எண்ணம். வாளியின் சுவரில் கால்கள் பிறாண்டும் ஓசை இரவெல்லாம் மாடிவரை கேட்கும். விடியும் வேளையில் அடங்கிவிடும். ஒருநாள் சிராவகரின் எட்டு வயது மகள், "அப்பா, அவையெல்லாம் இப்போது தூங்கிவிட்டனவா?" என்று கேட்டாளாம். விடை கூற அவருக்கு நா எழவில்லை.

அவர் மேலும் எழுதுகிறார்: "தேங்கிய நீரில் நண்டு மூச்சுத் திணறி மடியும் என்றும், ஈரச் சாக்கில் பொதிந்து நிழலில் வைத்தால் நெடுநேரம் உயிர்த்திருக்கும் என்றும் அறிந்துகொண்டேன். இதனைக் கீழ்வீட்டாரிடம் சொல்வது கருணையா? அல்லது கொலைக்கு உடன்படும் அனுமோதனையா? சொன்னாலும் பாவம், வாய்மூடி இருந்தாலும் பாவம் என்று தோன்றுகிறதே. நான் என் செய்வேன்?"

நல்ல வினா. ஊன் உண்ணாத குடியில் பிறந்த நமக்கும் நண்டுக்கும் யாது தொடர்பு என்று தள்ளிவிடாமல், ஓர் உயிரின் ஓசைக்குச் செவிகொடுத்த நெஞ்சிலிருந்து பிறந்த வினா இது. ஆதலின் பொறுமையோடு ஆராய்வோம்.

நான்கறிவு உயிர்

உயிர்களை அவற்றின் பொறிகளைக்கொண்டு வகைப்படுத்துவது ஜைன ஆகமத்தின் மரபு. மெய், நா, மூக்கு, கண், செவி என்னும் அதே வரிசையில் தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அடுக்குகிறது. தொல்காப்பியர் சமணரே என்று வையாபுரிப்பிள்ளை முதலிய ஆராய்ச்சியாளர் கருதியதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணமாயிற்று. அந்நூல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுடைய உயிர்கள் என்று பெயர் சுட்டியே கூறுகிறது. தொடுவதை உணரும், சுவையறியும், மணமறியும், காணும் உயிர் நண்டு என்பதைத் தமிழ் மக்கள் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர்.

மேனாட்டார் இதனை அண்மையில்தான் ஏற்கத் தொடங்கியுள்ளனர். 2013-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தார் தொண்ணூறு கரை நண்டுகளைக்கொண்டு ஒரு சோதனை நடத்தினர். வெளிச்சமான தொட்டியில் இரண்டு இருண்ட மறைவிடங்களை அமைத்து, ஒன்றில் நுழைந்தால் மின்னதிர்ச்சி தாக்குமாறு செய்தனர். இருமுறை அதிர்ச்சி பெற்றவற்றுள் பெரும்பாலானவை மூன்றாம் முறை மற்ற மறைவிடத்தை நாடிச் சென்றன. நண்டு வெறுமனே துடித்து ஓயவில்லை. துன்பத்தை நினைவில் வைத்து விலகிற்று. உயிரை வருத்திப் பெற்ற இவ்வறிவை நாம் போற்றுவதற்கில்லை. எனினும் நண்டுக்கு வலியில்லை என்று இனி ஒருவர் சொல்வாராயின், அச்சொல் அறியாமையின்பாற்படும்.

2022-ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நண்டு, இறால் இனங்களையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது. 2018-இல் சுவிட்சர்லாந்து, உணர்விழக்கச் செய்யாமல் அவற்றைக் கொதிநீரில் இடுவதையும், உயிரோடு பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுசெல்வதையும் தடைசெய்தது. இவற்றினும் நம் வினாவுக்கு நெருக்கமானது 2017-இல் இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. புளோரன்சு நகரையடுத்த ஓர் உணவகத்தில், கொடுக்குகள் கட்டப்பட்ட சிங்கி இறால்களைச் சமைக்கும்வரை பனிக்கட்டியின்மேல் உயிரோடு கிடத்தியிருந்தனர். உயிரோடு சமைப்பது பலரும் ஏற்ற வழக்கம் என்று விட்டுவிட்ட அந்நீதிமன்றமும், சமைப்பதற்கு முன் அவற்றைத் துன்பத்தில் கிடத்திவைத்ததைக் குற்றமென்றே கொண்டது. கொல்வது ஒரு குற்றம். கொல்லுமுன் வருத்தி வைத்திருப்பது தனியானதொரு குற்றம். நம் ஆசாரியர்கள் இவ்வேறுபாட்டை எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதை இனிக் காண்போம்.

ஐந்து கறைகள்

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயலில் உமாசுவாமி ஆசாரியர் அஹிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளார். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் இவ்வைந்தனையே சிறிது பெயர் வேறுபாட்டுடன் உரைக்கிறது. அதிசாரம் என்பது விரதம் முற்றும் முறியாதிருக்க, அதன்மேல் விழும் கறை. கட்டுதல், அடித்து வருத்துதல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவ்வைந்தும். இவற்றுள் கொலை இல்லை என்பதை நோக்குக. கொல்லாமலே, உயிரோடு வைத்துக்கொண்டே செய்யும் கொடுமைகள் இவை. விற்பனைக்குரிய நண்டின் கூடையில் இவ்வைந்தும் ஒருங்கே குடிகொண்டுள்ளன.

முதலாவது பந்தம். கழிமுகச் சேற்றில் வளைபறித்து வாழும் சேற்று நண்டைப் பிடித்தவுடன் அதன் கொடுக்குகளையும் கால்களையும் மடக்கிக் கயிற்றால் இறுகக் கட்டுகின்றனர். அன்று கட்டிய கட்டு, அது சாகும்வரை அவிழ்வதில்லை.

இரண்டாவது வதம். வலையில் சிக்கிய நண்டை இழுக்கும்போதும், கூடைக்குக் கூடை எறியும்போதும் அதன் கால்கள் முறிகின்றன. பகைவரிடம் அகப்பட்டால் தன் காலைத் தானே கழற்றிவிட்டுத் தப்புவது நண்டின் இயல்பு. தப்ப இடமில்லாத கூடையிலும் அது காலைக் கழற்றுகிறது. தன் உடலின் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்தும் அதற்கு விடுதலை கிட்டுவதில்லை.

மூன்றாவது சேதம். பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளில் பெரிய நண்டுகளின் கொடுக்கை இயக்கும் தசைநாரைக் கத்தியால் அறுத்துவிடும் வழக்கம் உண்டு. அடைத்துவைக்கும் இடத்தில் ஒன்றையொன்று காயப்படுத்தி விலை குறைந்துவிடலாகாது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

நான்காவது அதிபாரம். வரிசைமேல் வரிசையாக அடுக்கப்பட்ட கூடையில், அடியிலுள்ள உயிர் தன் இனத்தின் சுமை முழுவதையும் தாங்குகிறது.

ஐந்தாவது அன்னபான நிரோதம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் முதலிய அயல்நாடுகளுக்கு உயிரோடு வானூர்தியில் செல்லும் நண்டுகளுக்கு வழிநெடுக உணவில்லை; நீருமில்லை. நண்டு செவுளால் மூச்சுவிடுவது. செவுளில் ஈரம் இருக்கும்வரை நீருக்கு வெளியிலும் அது உயிர்தாங்கும். ஆகவே சாகாத அளவுக்கு ஈரம் மட்டும் கொடுக்கின்றனர். கீழ்வீட்டாரின் வாளியில் நேர்வது இதன் மறுபக்கம். அசைவற்ற சிறிதளவு நீரிலுள்ள உயிர்வளியை நண்டுகள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. உப்பில்லாத குழாய்நீர் கடல் நண்டுக்கு மேலும் தீங்கு. நீருக்குள்ளேயே அவை மூச்சுத் திணறி மடிகின்றன. அச்சிறுமி கேட்ட ஓசை அதுதான்.

அன்பர்களே! இத்துணைப் பாடுபட்டு நண்டை ஏன் உயிரோடு வைத்திருக்கின்றனர்? இறந்த நண்டின் தசை விரைவில் கெட்டு நஞ்சாகும் என்பதால். சாக்கை நனைக்கிறார்கள், வெயில் படாமல் காக்கிறார்கள், அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். தொட்டில் குழந்தையைப் பேணும் தாயின் கவனம் அது. ஆனால் அன்பில்லாத கவனம். உயிர் உண்டா என்று அறிய வணிகர் நண்டின் கண்ணருகே விரலால் தட்டுவார். அது கண்ணை உள்ளிழுத்துக்கொண்டால் விலை குறையாது. அஞ்சுவதை அறிந்தே விலை பேசுகின்றனர். நண்டுக்கு உணர்வுண்டு என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுமோ?

ஐயத்திற்கு விடை

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். வினைக்கட்டு செயலால் மட்டும் அமைவதன்று. பாவத்தால், அதாவது உள்ளக்கருத்தால் அமைவது. ஈரச் சாக்கைப் பற்றிய ஒரே சொல்லை இருவர் சொல்லக்கூடும். நாளைய கறி கெடாதிருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால் அது அனுமோதனை. இன்றிரவு இவ்வுயிர் திணறாதிருக்கட்டும் என்று மற்றொருவர் சொன்னால் அது காருண்யம். ஆதலின் அன்பர் அச்சத்தால் வாய்மூடி இருக்க வேண்டுவதில்லை. கண்முன் துடிக்கும் உயிரின் துன்பத்தைத் தணிக்கும் சொல்லைத் தம் பாவக்கணக்குக்கு அஞ்சி விழுங்குவது, விரதத்தின் பெயரால் தன்னலம் காப்பதாகும்.

ஆயின் அதனோடு நின்றுவிடலாகாது. ஈரச் சாக்கு உயிரை நீட்டும், கட்டையும் நீட்டும். நண்டைக் காக்கும் முறையைச் சொல்லிவிட்டு நாம் உறங்கப் போய்விட்டால், கூடைக்குக் காவலராகி விடுவோம். ஆகவே அன்பர் சொல்லவேண்டிய சொல் வேறொன்றும் உண்டு. "ஐயா, நேற்றிரவு என் மகள் அந்த ஓசையைக் கேட்டு உறங்கவில்லை. அவை உறங்கவில்லை, மூச்சுக்குத் திணறுகின்றன என்று அறிந்தேன். இவ்வாறு உயிரோடு அடைத்துவைப்பதையாவது விட்டுவிடக் கூடாதா?" என்று, பகையின்றி, உபதேசம் செய்யும் பெருமிதமுமின்றி, உள்ளதை உள்ளவாறே சொல்லவேண்டும். எவ்வாறு கொல்வது நலம் என்று கற்பிக்கும் வேலை நமக்கு வேண்டா. துன்பத்தைத் துன்பமென்று எடுத்துரைக்கும் கடமை நமக்கு உண்டு.

எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணவான்களிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் காருண்யம், கேளாதவரிடத்து நடுநிலை எனப் பாவனைகள் நான்கு. நண்டினிடம் காருண்யமும், கீழ்வீட்டாரிடம் மைத்திரியும் கொள்க. சொல்லியும் அவர் கேளாராயின் நடுநிலை கொள்க. அவரை வெறுத்தல் மற்றுமொரு ஹிம்சை.

நண்டுகளை விலைகொடுத்து வாங்கி விடுவிக்கலாகாதா என்று சிலர் நினைக்கலாம். நற்காட்சியோடு நன்ஞானமும் கூடினாலன்றி நல்லொழுக்கம் அமையாது. கடல் நண்டைக் கோயிற்குளத்தில் விட்டால் அது நன்னீரில் மடியும். வயல் நண்டைக் கடலில் விட்டால் உப்புநீரில் மடியும். வாரந்தோறும் நாம் வாங்குவோம் என்று அறிந்தால் வணிகர் மேலும் பிடித்து வருவார். அறியாது செய்யும் ஜீவதயை மற்றொரு கூடையை நிரப்பும்.

நம் வீட்டுக் கூடை

இறுதியாக ஒன்று. நண்டை உண்ணாமை நமக்கு எளிது. அதை நம் குடி நமக்குக் கொடுத்தது. நாம் முயன்று பெற்றதன்று. நாவுக்குப் பழகாத ஒன்றை விட்டிருப்பது வழக்கமேயன்றி விரதம் ஆகாது. அறிந்து, துறந்து, காப்பதே விரதம்.

நண்டின் கூடையில் கண்ட ஐந்து கறைகளும் நம் வீட்டில் இல்லையா? கன்றைப் பால்மடியண்டை விடாமல் கட்டிவிட்டுக் கறக்கும்போது அங்கே பந்தமும் அன்னபான நிரோதமும் உள்ளன. கூண்டுக்கிளிக்குப் பழம் ஊட்டி மகிழும்போது பந்தமும், அது பறவாதிருக்கச் சிறகைக் கத்தரிக்கும்போது சேதமும் உள்ளன. வண்டி மாட்டின்மேல் ஒரு மூட்டை கூடுதலாக ஏற்றும்போது அதிபாரம் உள்ளது. கடையில் வேலைசெய்யும் சிறுவனை உணவு வேளை கடந்தும் அனுப்பாதிருக்கும்போது, நாம் மறுப்பது ஒரு மனிதனின் சோற்றை. வயல் வரப்பைத் துளைக்கிறதென்று நண்டு வளைக்குள் நஞ்சிட்ட சோற்றை வைக்கும் வழக்கம் வேளாளரிடையே உண்டு. நம் நிலங்களில் அது நடைபெறவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் இயலும்? கீழ்வீட்டாரின் வாளியை எட்டிப்பார்க்குமுன் நம் வரப்பைப் பார்த்துவர வேண்டாமா?

வினா எழுப்பிய அன்பருக்கு நாம் கூறுவது இதுவே: மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவை உறங்கவில்லை என்று சொல்லுங்கள். அந்த ஓசையைக் கேட்ட செவி அவளுக்கு இருப்பது அவள் செய்த புண்ணியம். அதனை மழுங்கவிடாமல் காப்பது தந்தையின் கடன். பிறகு அவள் கையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கிச் சென்று, அன்போடு பேசுங்கள்.

மற்ற அன்பர்களாகிய நாம், இன்றிரவு உறங்குமுன் நம் தொழுவத்தையும், கடையையும், வயலையும் மனத்தால் ஒருமுறை சுற்றி வருவோம். எங்கேனும் ஒரு கட்டு இறுகியிருப்பின், விடிந்ததும் அதைத் தளர்த்துவோம். பிற உயிரின் கட்டை அவிழ்ப்பவர்க்கே தம் வினைக்கட்டும் நெகிழும்.

எவ்வுயிரும் இன்புறுக! அறம் வளர்க! அருள் பெருகுக!