திருத்தியவனின் பங்கு

ஒரு காலத்தில் துரைமாரைச் சுமந்து நுவரெலியா, ஹற்றன் பாதைகளில் ஏறியிறங்கிய ஒஸ்டின், மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகள் இன்று சேகரிப்போர் தேடி வாங்கும் பொருளாகிவிட்டன. அப்படியொரு வண்டி களவுபோய்ப் பல கைகள் மாறுகிறது என வைத்துக்கொள்வோம். களவென்று அறியாத ஒருவர் அதை வாங்கி, பல லட்சம் செலவிட்டுத் திருத்துகிறார். அப்போது பழைய சொந்தக்காரர் வந்து நிற்கிறார். வண்டி யாருக்கு?

இப்படி நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், கழற்றிய பாகங்களாக இருந்த 1938ஆம் ஆண்டின் டல்போ லாகோ என்ற பிரெஞ்சுக் கார் 2001இல் களவுபோனது. 2015இல் ஏறத்தாழ எழுபது லட்சம் டொலருக்கு அது கைமாறியது. களவு நடந்து காலம் கடந்துவிட்டது என்பதற்காக மட்டும் பழைய சொந்தக்காரர் தரப்பின் வழக்கைத் தள்ளிவிட முடியாது என விஸ்கொன்சின் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. எடுத்தது ஒரு குற்றம். திருப்பித்தர மறுப்பது இன்னொன்று.

எமது பிக்ஹு நூல்களுக்கு இது புதிதல்ல. பிறர் பொருளை அநியாயமாகக் கைப்பற்றுவதை ‘கஸ்ப்’ என்ற தனி அத்தியாயத்தில் அவை ஆராய்கின்றன. தன் பொருளை இன்னொருவரிடம் கண்டவருக்கே அதில் முதல் உரிமை, வாங்கியவர் விற்றவரைத் தேடிப்போக வேண்டும் என்ற கருத்தில் ஸமுரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உண்டு.

ஆனால் பொருள் மாறியிருந்தால்? அபகரித்த கோதுமை மாவாகிவிட்டால், பெயரும் பயனும் மாறியதால் அது அபகரித்தவனுக்குச் சேரும், அவன் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஹனபி மத்ஹபின் நிலை. ஷாபிஈ மத்ஹபில் மாவும் உரியவருக்கே. அரைத்த உழைப்புக்கு அபகரித்தவன் எதையும் கேட்க முடியாது. துணிக்குச் சாயமிட்டு அது பிரிக்க முடியாதபடி ஊறி, விலையும் கூடியிருந்தால் மட்டும் அந்தக் கூடுதலில் அவனுக்குப் பங்குண்டு. சேர்த்த பொருளுக்கு மதிப்புண்டு. வெறும் உழைப்புக்கு இல்லை. இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டமும் பொருளை உரியவருக்கே தருகிறது. நல்லெண்ணத்தோடு செலவிட்டவர், அவசியமானதும் பயனுள்ளதுமான செலவுக்கு ஈடு கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்திருக்க அது இடமளிக்கிறது.

இவ்வளவு நுட்பமான கணக்கிலும் ஒருவர் விடுபட்டுப் போகிறார். செலவிட்டவர் பணம் கொடுத்தார்; தகட்டைத் தட்டி நிமிர்த்தியது கராஜில் வேலை செய்தவர். அவர் திருடவுமில்லை, வாங்கவுமில்லை. வண்டி எவருக்குப் போனாலும் அவருடைய கூலி நிற்கிறது. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் அது கடைசியாகத் தீர்க்கும் கடனாக இருக்க முடியாது.

மலையகத்தில் வாழ்வோர் இக்கேள்வியை வண்டியோடு நிறுத்திவிட முடியாது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொண்டது. அப்படிச் சேர்ந்த காணியிலிருந்து தோட்டங்கள் உருவாயின. பறிபோன கண்டிக் கிராமத்தவரின் முறைப்பாடு நியாயமானதே. ஆனால் காட்டை வெட்டி, கோப்பியும் பின் தேயிலையும் நட்டவர்கள் அபகரித்தவர்கள் அல்லர். கராஜ்காரரைப் போலப் பிறர் ஏவலில் உழைத்தவர்கள். பிறர் நிலத்தில் பேரீச்சை நட்டவரை மரங்களைப் பிடுங்கும்படி பணித்த நபிமொழி, அறிந்தே வரம்பு மீறியவரைப் பற்றியது. அதை இவர்கள்மேல் பொருத்துவது அநீதி.

அந்த அநீதி நடக்கவே செய்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு தடவையும் தோட்டம் யாருடையது என்றே கேட்கப்பட்டது. லயத்தில் வாழும் பலரிடம் ஏழு பேர்ச் நிலத்துக்கும் இன்னும் உறுதி இல்லை.

பொருள் உரியவரைச் சேரட்டும். அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் அதைத் திருத்திய கைகளுக்குரியதைக் கொடுக்காமல் திருப்பிக் கொடுப்பவரும் வாங்கிக்கொள்பவரும் ஒரு கஸ்பை இன்னொரு கஸ்பால் அடைக்கிறார்கள்.