பொறி சொல்லிவிட்டால் போதுமா?

“பெரியோர் சொன்னார்கள், ஏன் என்று கேளாதே!” என்ற குரலை எதிர்த்து எழுந்ததுதான் பகுத்தறிவு. அந்தக் குரல் இன்று புதுச் சட்டை அணிந்து வந்திருக்கிறது. “பொறி சொல்லிவிட்டது, இனிப் பேச்சென்ன?” என்கிறது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேங்கிக்காலிலும் கைப்பேசியில் சதுரங்கம் ஆடும் இளைஞர் உண்டு. ஆட்டம் முடிந்து விரலால் தொட்டால், எந்த நகர்த்தல் பிழை, எது சரி என்று பொறி நொடியில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அத்தீர்ப்பை அறிவென்று ஏற்பதா, அருள்வாக்கென்று ஏற்பதா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி.

பொறியைப் பழிப்பது நம் நோக்கமன்று. 1997-இல் சதுரங்க மன்னர் காஸ்பரோவை ‘டீப் புளூ’ வென்றது. 2016-இல் ‘கோ’ ஆட்ட வல்லுநர் லீ செடோலை ‘ஆல்பாகோ’ 4-1 என வீழ்த்தியது. மெய்யை மறைப்பது நம் வழக்கமன்று!

ஆனால் மற்றொரு மெய்யும் உண்டு. நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலியை மடக்குவதுபோல், கருப்பு வெள்ளைக் கற்களால் எதிரியைச் சூழும் ஆட்டம் ‘கோ’. பலகையில் 361 சந்திப்புகள். ஜப்பானிய வல்லுநர் இனோவே டோசெட்சு இன்செகி 1713-இல் தொகுத்த புதிர்களுள் 120-ஆவது, ஆகக் கடினமானது எனப் பெயர் பெற்றது. பெரும் ஆட்டக்காரரையும் வெல்லவல்ல ‘கட்டாகோ’ என்னும் நிரல், அப்புதிரின் முன் முதலில் தடுமாறியது. அதற்கென்றே தனிப் பயிற்சி அளித்த பிறகே, மனிதர் பல ஆண்டுகள் ஆய்ந்து கண்ட விடையிலும் திருத்தம் காட்டியது. பொறியின் தடுமாற்றத்தைக் கண்டது யார்? மனிதன். பயிற்றியது யார்? மனிதன். திருத்தத்தை ஆராய்ந்து பொருள் கண்டதும் மனிதனே!

பொறி எண்ணைத் தரும். நகர்த்தல் வரிசையைத் தரும். காரணத்தை விளக்கி உரைப்பதில்லை. காரணம் காண்பது நம் கடன்.

“விடை சரியாயிருந்தால் போதாதா? காரணம் எதற்கு?” எனக் கேட்பார் உண்டு. சென்னையின் குகேசைப் பாருங்கள். அவருடைய ஆசான் விஷ்ணு பிரசன்னா, 2500 தரப்புள்ளியை எட்டும் வரை பொறியின் துணையின்றியே அவரைப் பயிற்றினார். தானே எண்ணித் தானே தவறித் தானே திருந்திய அச்சிறுவன், 2019-இல் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 14-ஆம் ஆட்டத்தில், டிங் லிரென் 55-ஆம் நகர்த்தலில் யானையைத் தவறாக வைத்தார். உலகெங்கும் பார்த்திருந்தோர்க்குப் பொறி அப்பிழையை உடனே காட்டிற்று. பலகையின் முன் இருந்த குகேசுக்குக் காட்டியது எது? சொந்த அறிவு! பதினெட்டு வயதில் உலகப் பட்டம் பெற்றார்.

பொறிக்கும் புனித ஏட்டுக்கும் வேறுபாடு உண்டு, தோழர்களே! ஏட்டை ஐயுறுவது பாவம் என்றார்கள். பொறியை ஐயுறத் தடையேதும் இல்லை. மறுத்து ஆடிப் பார்க்கலாம். அதுவும் தன் விடையை மாற்றிக்கொள்ளும். அந்த உரிமையை நாமே துறந்துவிட்டால், பொறியும் ஏடாகிவிடும். குற்றம் பொறியினுடையதன்று, நம்முடையது.

ஆகவே பொறியைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். கேட்கும் முன் உங்கள் விடையைத் தாளில் எழுதுங்கள். கேட்ட பின் ‘ஏன்?’ என்று அதன் கீழே எழுதுங்கள்.