பேட்டையின் குணம்

கலைஞர்கள் குடியேறியதால் ஒரு பேட்டைக்குக் குணம் வந்தது என்கிறார்கள். அதற்கு முன் அங்கே இருந்தவர்களுக்குக் குணம் கிடையாதா என்பதுதான் என் தொந்தரவு.

நியூயார்க்கின் ஸோஹோ. வார்ப்பிரும்பு முகப்புக் கட்டிடங்கள். உள்ளே துணி, அட்டைப்பெட்டிப் பட்டறைகள். கூலி சொற்பம். உழைத்தவர்களில் கறுப்பர்களும் போர்ட்டோ ரீகோக்காரர்களும் கணிசம். பட்டறைகள் கழன்றுகொள்ள, 1960களில் காலி மாடிகளுக்கு ஓவியர்கள் வந்தார்கள். அங்கே குடியிருப்பது சட்டவிரோதம். 1971ல் சட்டம் இடம் கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: 'இவர் கலைஞர்' என்று நகர நிர்வாகத்தின் சான்றிதழ் வேண்டும். படைப்பு உசத்தியா மட்டமா என்று குழு பார்க்கவில்லை. ஈடுபாடு உண்டா, பெரிய இடம் தேவையா, அவ்வளவே. வேடிக்கைதான், ஆனாலும் விமர்சகர்களாகிய நாம் வழங்குகிற சான்றிதழ்களைவிட யோக்கியமானது.

பிறகு காலரிகள், உணவகங்கள், துணிக்கடைகள். ஷரன் ஸூகின் 1982லேயே புத்தகமாக எழுதிவிட்டார்: கலைஞனின் வாழ்முறையே நிலமூலதனத்துக்கு உபயோகப்பட்டது. மாடியை வாங்கிப்போட்டவர்கள் பிழைத்தார்கள்; வாடகைக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். 2021ல், கலைஞர் அல்லாதவரும் கலை நிதிக்குப் பணம் கட்டிக் குடியிருக்க வழி செய்யப்பட்டது.

இதில் கலைஞனுக்குப் பொறுப்பு உண்டா? அவன் அப்படி நினைத்து வரவில்லை என்பது உண்மை. ஆனால் நோக்கம் சுத்தமாயிருப்பது மட்டும் பதிலாகாது. நாம் பிரியமாகச் சொல்லும் கதையில் துரத்தப்பட்டவன் ஓவியன் மட்டுமே. அதே மாடியில் அவனுக்கு முன் கூலிக்கு உழைத்தவள் கதைக்குள் வருவதேயில்லை. அவள் போன பிறகுதான் மாடி 'காலி' ஆகிறது. இந்தச் சொல்லில்தான் அவன் பங்கு தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது.

நம் சோழமண்டலம் வேறு தினுசு. 1966ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார்கள். பணம் வந்தது பத்திக் துணிகள் விற்று. ஓவியத்தைச் சந்தையிடமிருந்து காப்பாற்றக் கைவினையைச் சந்தைக்கு அனுப்பினார்கள். நிலம் சொந்தம், ஆகவே யாரும் துரத்தவில்லை. 2011ல் ஊர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. இன்று சாலை நெடுகப் பங்களாக்கள். அவற்றுக்கு விலை வைத்தது கடலும் சாலையும், ஓவியம் இல்லை. அந்தச் சுவர்களில் என்ன மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.